கடைசிப் பேருந்துத் தீர்ப்பு

மேகமலை அடிவாரத்துப் பள்ளியின் பசுமைப்படைப் பிள்ளைகளுக்கு,

சென்ற மாதம் உங்கள் பட்டிமன்றத்தில் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார் எழுதுகிறேன். ‘மேகமலைக் காட்டில் முதலில் காக்கப்பட வேண்டியது சலீம் அலி வௌவாலா, சளிப்பூஞ்சையா?’ என்பது தலைப்பு. அணிக்கு மூன்று பேர். நீங்கள் எல்லோரும் நன்றாகத்தான் பேசினீர்கள். நன்றாகச் செய்யாதவன் நான் ஒருவன்தான்.

கடைசிப் பேச்சாளர் உட்காரும்போது மணி ஐந்தே முக்கால். சின்னமனூருக்குக் கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு. ஓட்டுநர் இரண்டு முறை ஆரன் அடித்துவிட்டார். ‘நேரத்தின் அருமை கருதி’ என்று தொடங்கி நான்கே வாக்கியத்தில் வௌவால் அணிக்கு வெற்றி என்று சொல்லிவிட்டு, போட்ட சால்வையை மடிக்கக்கூட நேரமில்லாமல் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்பார்களே, அதுதான். சன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் சளிப்பூஞ்சை அணியில் மூன்றாவதாகப் பேசிய பெண்ணின் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இறங்குகிற வரைக்கும் எழுந்து போகவில்லை.

“ஐயா, பட்டியல்ல பேரு இல்லாதது செத்துப்போனா, செத்துப்போச்சுன்னு யாரு எழுதுவா?”

அந்தக் கேள்விக்கு நான் மேடையில் ஒரு சிரிப்பைக் காட்டித் தப்பித்தேன். நீங்களும் கைதட்டிவிட்டீர்கள். உங்களுக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் அந்தத் தலைப்பு பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் பரவிவிட்டதாகக் கேள்விப்படுகிறேன். தலைப்போடு என் அவசரத் தீர்ப்பும் சேர்ந்து ஊர் ஊராகப் போகக் கூடாது. அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

முதலில், தலைப்பிலேயே இருந்த கோணலைச் சொல்லிவிடுகிறேன். அதை நான் கவனித்திருக்க வேண்டும். தராசின் ஒரு தட்டில் ஒரே ஓர் இனம் இருந்தது. மற்றத் தட்டில் இருந்தது ஒரு கூட்டம். உலகில் சளிப்பூஞ்சை இனங்கள் சுமார் ஆயிரம் பெயர் பெற்றிருக்கின்றன. நீங்கள் ‘சளிப்பூஞ்சை’ என்று சொன்னபோதெல்லாம் அதில் எந்த இனம் என்று யாரும் சொல்லவில்லை, எதிரணியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஓர் ஆளை நிறுத்தி, எதிர்ப்பக்கம் ஓர் ஊரை நிறுத்தி, இருவரில் யார் உயரம் என்று பார்த்தோம். ஊர் அழியாது, ஆள் செத்துப்போவார் என்பது அந்தத் தராசு தருகிற விடை. நான் கொடுத்த தீர்ப்பும் அதுதான்.

வௌவால் அணியினர் தங்கள் கட்சிக்காரரைப் பற்றி ஒரு கதையைச் சொல்லாமல் விட்டீர்கள். அதுதான் உங்களிடம் இருந்த பெரிய ஆயுதம். ஒரு வேளை அது எதிரணிக்கும் ஆயுதமாகிவிடும் என்று பயந்து விட்டீர்களோ என்னவோ.

1948-இல் இந்த மலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் இருந்தார். நம் பாட்டன்மார் பச்சைக்கூமாச்சி என்று சொன்ன மலையை அவர்கள் ஹைவேவிஸ் என்று சொன்ன காலம். ஹட்டனுக்குத் தோட்டத்தைவிடத் தோட்டத்துக்கு வெளியில் இருந்தவற்றின் மேல்தான் கண். பாம்பு, பாலூட்டி, வண்ணத்துப்பூச்சி என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருந்தவர். காப்பியும் ஏலமும் கலந்த காட்டில், சுமார் 750 மீட்டர் உயரத்தில், அவர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பாடம் செய்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதற்குக் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று சீட்டு எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். குட்டைமூக்கு வௌவால் உங்களுக்குத் தெரிந்ததுதான். விடிகாலையில் உங்கள் வீட்டுக் கொய்யாவைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறதே, அது. வாழை இலைக்கு அடியிலும் பனையோலைக்குள்ளும் தொங்கும். ஊரெல்லாம் இருக்கிற ஒன்று.

அந்தச் சீட்டோடு அது இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. இடையில் நாடு குடியரசானது, மாநிலங்கள் பிரிந்தன, வௌவால் மட்டும் அதே இழுப்பறையில். பிறகு தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தொங்லொங்யா என்ற வௌவால் அறிஞர் அந்த இழுப்பறையைத் திறந்தார். அதன் வாயையும் திறந்து பார்த்தார். குட்டைமூக்கு வௌவாலுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு இணை முன்வெட்டுப் பற்கள் இருக்கும். இதற்கு ஓர் இணைதான் இருந்தது. வெளியே தெரிகிற வாலும் இல்லை. இது வேறு இனம் மட்டுமல்ல, வேறு பேரினமே என்று 1972-இல் எழுதினார். லாட்டிடென்ஸ் சலீமலீ என்று பெயர் வைத்தார். முதல் பாதிக்கு அகன்ற பல் என்று பொருள். பின்பாதி பறவை அறிஞர் சலீம் அலிக்கு மரியாதை. அந்தப் பேரினத்தில் இன்றுவரை இது ஒன்றுதான். ஒண்டிக் குடும்பம்.

கிட்டியைப் பற்றி இன்னொரு வார்த்தை. மறு ஆண்டு அவர் தாய்லாந்துக் குகைகளில் பெருந்தேனீ அளவே உள்ள ஒரு வௌவாலைக் கண்டுபிடித்தார். உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்று. அதற்குப் பெயரிட்டு எழுதுவதற்குள், 1974-இல், இறந்துபோனார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். மற்றவர்கள் எழுதிய சீட்டை நம்பாமல் வாயைத் திறந்து பார்க்கிற ஆட்கள் எந்தத் துறையிலும் குறைவு. அதனால் அவரை இங்கே நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

இந்த மலைக்குத் திரும்பி வருகிறேன். பெயர் வைத்த பிறகும் உயிரோடு ஒன்றைப் பார்க்க 1993 வரை ஆயிற்று. அது தங்குகிற குகையை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சிங்காரவேலனும் மாரிமுத்துவும் கண்டு எழுதியது 2003-இல். இப்போது மேகமலைக்குத் தெற்கே களக்காடு முண்டந்துறையிலும் மேற்கே பெரியாறு காட்டிலும் இருப்பது தெரியும். உலகத்தில் வேறெங்கும் இல்லை, இந்தத் தென்கோடி மலைத்தொடர் மட்டும்தான்.

பிள்ளைகளே, இந்தக் கதையில் நான் கோட்டைவிட்ட இடத்தைப் பாருங்கள். 1948-க்கும் 1972-க்கும் நடுவில் அந்த வௌவாலின் நிலை என்ன? பட்டியலில் இல்லை. பெயர் இல்லை. ‘அதுவா, ஊரெல்லாம் இருக்கிற வௌவால்தானே’ என்ற சீட்டு மட்டும் இருந்தது. அந்த இருபத்து நான்கு வருடத்தில் கடைசி ஒன்றும் செத்திருந்தால், குட்டைமூக்கு வௌவால் ஒன்று குறைந்தது என்றுகூட யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதாவது 1972 வரை, இன்றைய சளிப்பூஞ்சையின் நிலையில்தான் அதுவும் இருந்தது. மூன்றாவதாகப் பேசிய பெண் கேட்டது சளிப்பூஞ்சைக்காக மட்டுமல்ல. எதிரணியின் வௌவாலுக்கும் சேர்த்துத்தான் கேட்டாள். எனக்கு அது தேனி வந்து சேர்ந்த பிறகுதான் விளங்கிற்று.

அந்த 1972-இல் இன்னொன்றும் நடந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 5-ஆம் பட்டியல் தீங்குயிர்களின் பட்டியல். காகம், எலி, சுண்டெலி, அவற்றோடு பழந்தின்னி வௌவால்கள். யாரும் கேட்காமல் கொல்லலாம். ஒரு கையால் பெயர் சூட்டினோம், மறு கையால் ‘அடித்துக் கொல்லலாம்’ என்று எழுதினோம். பழந்தின்னிகள் தோட்டத்துப் பழத்தைத் தின்கின்றன என்பதைத் தவிர அப்போது அந்த வகையைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் வேறு யோசனை இல்லை. பிறகு ஆய்வாளர்கள் மனுப் போட்டு, மன்றாடி, சலீம் அலி வௌவாலை மட்டும் 1-ஆம் பட்டியலுக்கு, புலியும் யானையும் இருக்கிற பட்டியலுக்கு, ஏற்றினார்கள். மற்றப் பழந்தின்னிகள் 2022-இல் சட்டம் திருத்தப்பட்டுத் தீங்குயிர்ப் பட்டியலே நீக்கப்படும் வரை எலியோடுதான் இருந்தன. ரேசன் அட்டையில் பெயர் இருந்தால்தான் அரிசி. இல்லாதவருக்குப் பசிக்காது என்று அதற்குப் பொருள் இல்லை.

இனி சளிப்பூஞ்சை அணிக்கு வருகிறேன். உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மொத்த நேரத்தையும் அதன் புத்திசாலித்தனத்தில் செலவழித்துவிட்டீர்கள். முதல் பேச்சாளர் ஜப்பானியர் நகாகாகி 2000-இல் வைத்த சிக்கல்வழிப் புதிரைச் சொன்னார். இரண்டு வாசலிலும் ஓட்ஸ் வைத்தால், நடுவில் பரந்து கிடக்கும் மஞ்சள் கூழ் முட்டுச்சந்துகளிலிருந்து பின்வாங்கி, குறுக்கு வழியில் மட்டும் ஒரு குழாயாக நிற்கிறது. சரி. இரண்டாமவர் 2010-இல் டோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்களின் இடத்தில் 36 ஓட்ஸ் துணுக்குகள் வைத்த சோதனையைச் சொன்னார். ஒரு நாள் சொச்சத்தில் அது ரயில்பாதையைப் போலவே ஒரு வலையைப் பின்னிவிட்டது. அதுவும் சரி. மூளை இல்லை, நரம்பு இல்லை, ஒரே ஒரு செல், அதற்குள் லட்சக்கணக்கான உட்கருக்கள். மணிக்கு மணி குளிர்ந்த காற்றை ஊதினால் நான்காவது தடவை ஊதாமலே அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்றும் ஜப்பானில் காட்டியிருக்கிறார்கள். பாரிஸ் விலங்குக்காட்சி சாலை 2019-இல் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டியது. 720 பாலினங்கள் என்று அறிவித்தது. 2021-இல் அது விண்வெளிக்கும் போனது.

கேட்கக் கேட்க எனக்கே வாய் பிளந்தது. ஆனால் அது எல்லாமே ஒரே இனத்தின் கதை. பைசாரம் பாலிசெபாலம் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் ஓட்ஸ் தின்று வளர்கிற சீமைப்பிள்ளை. அதைக் காக்க நீங்கள் வாதாட வேண்டியதே இல்லை, உலகமெங்கும் குளிர்பெட்டிகளில் பத்திரமாக இருக்கிறது. ஐப்பசி மழையில் உங்கள் வீட்டு விறகடுக்கில் மஞ்சளாகப் பொங்கி நிற்கிறதே, மறுநாள் பழுப்பாகிப் பொடி பறக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் மலைக்காரரை விட்டுவிட்டு வெளியூர் நட்சத்திரத்தைப் பிரசாரத்துக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

இன்னொரு சங்கடம். புத்தி இருப்பதால் காக்க வேண்டும் என்றால், புத்தி இல்லாததை என்ன செய்வது? வௌவால் அணியும் இதே குழியில்தான் விழுந்தது. ‘வௌவால் விதை பரப்புகிறது, காட்டை வளர்க்கிறது, அதனால் காக்க வேண்டும்’ என்றீர்கள். உண்மைதான், அத்திப்பழத்தைத் தின்றுவிட்டுப் பறந்துகொண்டே எச்சமிடுகிற வௌவால், பறவை போகத் தயங்குகிற வெட்டவெளியிலும் விதை போடும். ஆனால் வேலை செய்கிறவனுக்கு மட்டும்தான் சோறு என்பது பண்ணையார் பேச்சு. நாளைக்கு ஒருவர் வந்து, விதை பரப்ப வேறு மூன்று வௌவால் இருக்கின்றன, இது ஒன்று போனால் காட்டுக்கு என்ன நஷ்டம் என்று கணக்குக் காட்டினால் உங்களிடம் பதில் இருக்காது.

சளிப்பூஞ்சைக்குப் பெயரே பொருந்தாது. சளியும் அல்ல, பூஞ்சையும் அல்ல. அமீபாவுக்குப் பங்காளி. பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் ஊர்ந்து போய் விழுங்குகிறது, அந்த மட்டில் விலங்கு. பிறகு ஒரு ராத்திரியில் மனம் மாறியதுபோல அசைவை நிறுத்தி, குண்டூசித் தலை அளவுக்குக் கொண்டையும் தண்டும் எழுப்பி வித்துத்தூள் சிந்துகிறது, அந்த மட்டில் பூஞ்சை. 1859-இல் ஜெர்மானியர் டி பாரி ‘விலங்குப் பூஞ்சை’ என்று பெயரிட்டுச் சமாளித்தார். 1973-இல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தின் புறநகர் ஒன்றில் ஒரு வீட்டுக் கொல்லையில் மஞ்சள் கூழ் பொங்கியபோது, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்துவிட்டது என்று ஊரே பதறியது. ஆங்கிலத்தில் அதற்கு நாய்வாந்தி என்றே ஒரு பெயர் உண்டு. உங்கள் விறகடுக்கில் பார்ப்பது பெரும்பாலும் அதுவோ அதன் உறவோதான்.

காய்ந்துபோனால் சாகாது என்பது அதன் பெரிய பலம். ஈரம் வற்றினால் அந்தக் கூழ் இறுகிப் பொருக்காகிக் காத்திருக்கும். மழை வந்ததும் இளகி நகரும். வித்துத்தூளும் பல வருடம் தாங்கும், காற்றில் எங்கும் போகும். இரண்டாக வெட்டினால் இரண்டாக வாழும், பக்கத்தில் வைத்தால் மறுபடி ஒன்றாகும். வௌவாலுக்கு இந்தச் சௌகரியம் ஒன்றும் கிடையாது. ஈற்றுக்கு ஒரு குட்டி. தங்க ஒரு குகை. தின்னக் காட்டுப் பழம். குட்டியோடு தொங்குகிற நேரத்தில் குகைக்குள் ஒரு தீவட்டியோ கைபேசி விளக்கோ நுழைந்தால் கூட்டமே கலையும். பிடி நழுவிய குட்டி தரையில். இளைப்புக்கு மருந்து என்று பிடித்துத் தின்றவர்கள் உண்டு. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது வௌவால் என்ற பெயருக்கே ஊர் பயந்தது.

ஆகவே காத்திருக்க முடியாததை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் தீர்ப்பின் நல்ல பாதி. அதை மாற்றப் போவதில்லை. வௌவாலுக்குத்தான் முதல் இடம். ஆனால் ‘சளிப்பூஞ்சைக்கு ஆபத்தே இல்லை, அது எங்கும் இருக்கும்’ என்று மேடையில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னேன். அதைத்தான் திரும்பப் பெறுகிறேன். குட்டைமூக்கு வௌவால் என்று சீட்டு எழுதியவர் செய்த தப்பு அதேதான்.

எங்கும் இருப்பது சில இனங்கள். மற்றவற்றுக்கு விருப்பம் கடுமை. மலைச்சரிவில் பனி மாதக்கணக்கில் மூடிக் கிடந்து, வசந்தத்தில் அது உருகுகிற விளிம்பில் மட்டுமே தலைகாட்டுகிற சளிப்பூஞ்சைகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் ஷார்ல் மேலான் என்பவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜூரா மலையில் தவழ்ந்து தவழ்ந்து அவற்றைச் சேர்த்தார். பனி குறைகிற காலத்தில் அவை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். உயிருள்ள மரத்தின் பட்டையில் மட்டும் வாழ்பவை உண்டு, கீழே விழுந்து பல வருடம் மக்கிய பெரிய கட்டையில் மட்டும் வாழ்பவை உண்டு. கீழே விழுந்த மரத்தை ஒருவரும் காடாக நினைப்பதில்லை. விறகாகத்தான் பார்க்கிறோம்.

இங்கே உங்களுக்கு மினகாட்டா குமகுசுவை அறிமுகப்படுத்த வேண்டும். பட்டிமன்றத்தில் இவர் பெயர் வந்திருந்தால் பேருந்து போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். ஜப்பானில் தனாபே என்ற கடலோர ஊரில் வாழ்ந்தவர். இளமையில் லண்டன் அருங்காட்சியக நூலகத்தில் கிடந்து படித்துவிட்டு நாடு திரும்பிக் காட்டுக்குள் சளிப்பூஞ்சை தேடி அலைந்தவர். 1906-இல் ஜப்பானிய அரசு சிறு ஊர்க்கோவில்களை எல்லாம் பெரிய கோவில்களோடு இணைக்கும்படி ஆணையிட்டது. கோவில் போனால் கோவிலைச் சுற்றிய காடு மரமாகி விலைக்குப் போகும். நம் ஐயனார் கோவில் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதே போன்றதுதான். மரம் விழுந்தால் தன் சளிப்பூஞ்சையும் போய்விடும் என்று மினகாட்டாவுக்குப் புரிந்தது. எழுதினார், கத்தினார், 1910-இல் அதிகாரிகள் வந்த ஒரு கூட்டத்துக்குள் புகுந்து கலவரம் பண்ணி, 18 நாள் சிறையில் இருந்தார். சிறையிலும் ஒரு சளிப்பூஞ்சையைக் கண்டெடுத்தார் என்பார்கள்.

அவர் வீட்டு முற்றத்துப் பெர்சிமன் மரத்தில் எடுத்த ஒன்றை லண்டனுக்கு அனுப்ப, அங்கே சளிப்பூஞ்சைகளையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த குலியெல்மா லிஸ்டர் என்ற அம்மையார் அது புதுப் பேரினம் என்று கண்டு, 1921-இல் மினகாட்டெல்லா என்று பெயர் வைத்தார். பாருங்கள், மலையேறவில்லை, குகைக்குள் நுழையவில்லை. வீட்டு முற்றம்.

1929-இல் ஜப்பானியப் பேரரசர் தனாபேக்கு வந்தார். அவருக்கும் கடல் உயிரியலிலும் சளிப்பூஞ்சையிலும் ஆர்வம். மினகாட்டா அவருக்கு 110 சளிப்பூஞ்சை மாதிரிகளைக் காணிக்கையாகக் கொடுத்தார். எதில் வைத்து? கேரமல் மிட்டாய் அட்டைப்பெட்டிகளில். பேரரசருக்குக் கொடுக்கிற பொருளுக்குத் தங்க வேலைப்பாடு இல்லையென்றாலும் மரப்பெட்டியாவது வேண்டாமா என்று நமக்குத் தோன்றும். சளிப்பூஞ்சை சேர்ப்பவருக்குத் தெரியும், தீப்பெட்டியும் மிட்டாய்ப்பெட்டியும்தான் அதற்குச் சரியான வீடு. அவர் காக்கப் போராடிய காடுகளில் ஒன்றான காஷிமா தீவை 1935-இல் அரசு இயற்கைச் சின்னமாக அறிவித்தது. தீவின் மரங்கள் தப்பின. மரங்கள் தப்பினால் மரத்தில் தொங்குவதும் மரத்தடியில் ஊர்வதும் தனித்தனியாக மனுக் கொடுக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் இந்தப் புத்தி இருந்ததுதான். மதுரை வட்டாரத்தில் புளியங்குளம் என்ற ஊரில் ஓர் ஆலமரத்துப் பழந்தின்னி வௌவால்களை முனி காவல் காக்கிறது என்று நம்பி ஊர்க்காரர்கள் தொடாமல் விட்டிருந்ததை மாரிமுத்து 1988-இல் எழுதியிருக்கிறார். முனி வௌவாலுக்காகத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்த ஆலமரத்தின் பட்டையில் என்னென்ன ஊர்ந்தன என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காவல்.

உங்கள் மலைக்கு வாருங்கள். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு இருந்த அத்தியும் நாவலும் வெட்டப்பட்டு, வரிசையாகச் சில்வர் ஓக் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நேராக வளரும், மிளகுக்கொடி ஏறும், வெட்டினால் காசு. வௌவாலுக்கு அதில் சதைப்பழம் ஒன்றும் கிடையாது. முதிர்ந்ததும் லாரியில் ஏறிப் போய்விடும், எனவே விழுந்து மக்குகிற கட்டையும் கிடையாது. கிழட்டு அத்தி ஒன்று நின்றால் மேலே வௌவாலுக்குப் பந்தி. அது விழுந்தால் கீழே சளிப்பூஞ்சைக்குப் பந்தி, பத்து வருடத்துக்கு. நம் பட்டிமன்றத்தில் இரண்டையும் எதிரெதிர் மேசையில் உட்கார வைத்தோமே, இரண்டின் எதிரியும் ஒரே வரிசையில் நேராக நின்றுகொண்டிருந்தான்.

மேகமலை 2021-லிருந்து திருவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகம். புலிக்காக வைத்த காவல் வௌவாலுக்கும் உதவும், மறுக்கவில்லை. தோட்டத்து நிழல்மரம் மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

சரி, என்ன செய்வது என்று கேட்பீர்கள். இரண்டும் உங்களிடம் கேட்பது நேரெதிரானவை. வௌவால் கேட்பது: வராதீர்கள். குகை எங்கே என்று தெரிந்தாலும் சொல்லாதீர்கள், படம் எடுத்துப் பகிராதீர்கள், அண்ணன்மார் யாராவது கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள். ‘வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு நானும் தொங்கு’ என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை, அங்கே விருந்தாளிக்கு இடம் இல்லை. சளிப்பூஞ்சை கேட்பது: வாருங்கள், குனியுங்கள், முழங்கால் அழுக்கானாலும் பரவாயில்லை, பாருங்கள்.

பார்க்கிற முறை ஒன்று சொல்லித் தருகிறேன். காசு செலவில்லை. பள்ளி வளாகத்து வேம்பு, புளி, வாகை, எதுவானாலும் சரி, தானாக உரிந்து நிற்கிற பட்டையில் உள்ளங்கை அளவு எடுங்கள். மரத்தைக் குத்தி எடுக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் காகிதம் விரித்து, அதன் மேல் பட்டையை வைத்து, கொதிக்க வைத்து ஆறிய நீரை ஊற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் மிச்ச நீரை வடித்துவிட்டு, மூடி, வெயில் நேராகப் படாத சன்னலில் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் பாருங்கள், இரண்டு மாதம் வரைக்கும் விடாதீர்கள். அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பாசி வளர்க்கப் பட்டையை ஈரத்தில் வைத்த ஒரு மாணவரின் தட்டில் பாசிக்குப் பதில் சளிப்பூஞ்சை முளைத்ததிலிருந்து வந்த முறை இது. 1933-இல் அது கட்டுரையாக வந்தது. இன்றைக்கும் உலகமெங்கும் இப்படித்தான் தேடுகிறார்கள். தென்னிந்தியச் சளிப்பூஞ்சைகளை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து அக்னிஹோத்ருடு எழுதி வைத்தார். அவருக்குப் பின்னால் இந்தப் பக்கம் குனிந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். உங்கள் டப்பாவில் முளைப்பதை யாரும் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முளைத்தால் தேதி, மரம், இடம், நிறம், தண்டு உண்டா இல்லையா என்று நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரிந்த பெயரை ஒட்டாதீர்கள். ‘மஞ்சள், குட்டைத் தண்டு, எண் 7’ என்று எழுதினால் போதும். ஹட்டனின் வௌவாலுக்கு இப்படி ஓர் எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தால், பிறகு வந்தவர் ஒருவராவது இது என்ன என்று யோசித்திருப்பார். தெரிந்த பெயர் எழுதியிருந்ததால் யாரும் யோசிக்கவில்லை. காய்ந்த மாதிரியைத் தீப்பெட்டியில் பசை போட்டு ஒட்டி, மேலே எண்ணை எழுதி அடுக்குங்கள். உங்கள் உயிரியல் ஆசிரியை அலமாரியில் மேல்தட்டு காலியாக இருப்பதை அன்றைக்கே கவனித்தேன்.

தீர்ப்பு: வௌவால் அணியின் கோப்பை வௌவால் அணியிடமே இருக்கட்டும். சிறந்த பேச்சாளர் பரிசு மட்டும் மாறுகிறது. அது சளிப்பூஞ்சை அணியின் மூன்றாம் பேச்சாளருக்கு. அன்றைக்குப் பரிசு வாங்கிய தம்பியிடமிருந்து புத்தகத்தைத் திரும்ப வாங்க வேண்டாம், அவனும் உழைத்தான். இவளுக்கு வேறு அனுப்புகிறேன்: நான் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கிய பத்து மடங்கு உருப்பெருக்கி, பித்தளைச் சட்டம் போட்டது. வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் அந்த ஊர்க்காரர். கேரமல் பெட்டி கிடைக்கவில்லை, கடலைமிட்டாய் டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். கண்ணாடியைப் பிடிக்கிற திருகு கொஞ்சம் தளர்ந்திருக்கும். சைக்கிள் கடையில் சொல்லி இறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் நடுவர்